மெட்ராஸைவிட மூத்த மண்ணெண்ணெய்

டிரிம்பாக் குடும்பம் அல்சாஸில் ஒயின் தொழிலில் இறங்கியது 1626இல். மெட்ராஸுக்குப் பிள்ளையார் சுழி போட அப்போது இன்னும் 13 வருடம் பாக்கி. இன்றைக்கும் அதே குடும்பம், அதே தொழில். இடையில் 1871, 1918, 1940, 1945 என்று அந்தச் சீமை ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் மாறி மாறிப் பந்தாடப்பட்டது. திராட்சைக் கொடிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருந்தது.

ஸ்ட்ராஸ்பர்க்கில் வேலை பார்க்கும் அக்கா பையன்தான் அந்தக் குடும்பத்தின் ஊரான ரிபோவில்லேக்கு அழைத்துப் போனான். குன்றின்மேல் மூன்று பாழடைந்த கோட்டைகள், கீழே சரிவெல்லாம் திராட்சை. மழையை வோஜ் மலை மேற்கிலேயே மறித்துக்கொள்வதால் இந்தப் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. வழி நெடுக எனக்கு வகுப்பு நடந்தது.

"மாமா, கிளாஸைக் காம்புல பிடிங்க. மெதுவாச் சுத்துங்க. மூக்கை உள்ள விட்டு மோந்து பாருங்க. அப்புறம், தயவுசெஞ்சு அங்க வந்து 'சரக்கு'ன்னு சொல்லிடாதீங்க."

டிரிம்பாக் ஒயின்கூடத்து மேஜையில் ஒல்லியாய், உயரமாய் ஒரு புட்டி. அல்சாஸ் ஒயினுக்கு அந்த வடிவம்தான் சட்டம். ஊற்றிக் கொடுத்த அம்மாள், இது வயதான ரீஸ்லிங், பெயர் ஃபிரெடெரிக் எமீல் என்றார். 1898இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பரிசு வாங்கிய பாட்டனாரின் பெயராம். பக்கத்தில் ஒரு பித்தளைக் குவளை இருந்தது. துப்புவதற்கு! ருசி பார்த்துவிட்டு விழுங்காமல் துப்புவதுதான் நிபுணர் லட்சணம். திண்ணையில் உட்கார்ந்தபடியே வெற்றிலைச் சாற்றை வாசல் தாண்டிக் குறி தப்பாமல் துப்பிய என் தாத்தா இங்கே பேராசிரியராகவே இருந்திருப்பார். நான் அந்தப் பரம்பரைக்கு லாயக்கில்லாதவன். அவ்வளவு விலைக்கு விற்பதைத் துப்ப மனசு வரவில்லை.

எங்களோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மனைவி மோந்துவிட்டு "வெள்ளைப் பூக்கள்" என்றார். கணவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்து "ஈரக் கல்" என்றார். எந்த வயதில் நக்கிப் பார்த்தாரோ! எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூக்கை விட்டேன்.

மண்ணெண்ணெய்.

சந்தேகமே இல்லை. ரேஷன் கடை வரிசையில் தகர டின்னோடு நின்று, நீலமாய்ப் புனலில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த மூக்கு இது; ஏமாறாது. மெல்லிய வாசனைதான், அடுத்த அறையில் யாரோ ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றினாற்போல. சொல்லிவிட்டேன். அக்கா பையன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. அதேதான் என்று தலையாட்டி எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். ஈரக் கல் கனவான் அவசரமாக மறுபடி மோந்து பார்த்தார்.

விஷயம் ரசாயனம். வெயில் பட்ட திராட்சையில் இருக்கும் கரோட்டினாய்டுகள் சிதைந்து, புட்டிக்குள் வருடக்கணக்காகக் கிடக்கும்போது டிடிஎன் என்ற பொருளாகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். இது குறை என்று சண்டைக்கு வரும் ஒயின்காரர்களும் உண்டு. இதற்காகவே புட்டியைப் பூட்டி வைத்துக் காத்திருக்கும் ரசிகர்களும் உண்டு. எங்கள் வீட்டில் கேஸ் இணைப்பு வந்த அன்றைக்கு இந்த வாசனை தொலைந்தது என்று அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

வாயில் வைத்ததும் மண்ணெண்ணெய் மாயமாகிவிட்டது. எலுமிச்சைத் தோலைக் கடித்த சுருக், பிறகு நாக்கின் ஓரமெல்லாம் லேசான உப்பு. இனிப்பு மருந்துக்கும் இல்லை. விழுங்கி வெகுநேரம் ஆகியும் புளிப்பு போக மாட்டேன் என்று தாடையிலேயே நின்றது. நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் ரொம்ப நன்றாக இருந்தது.

இதைவிட உசத்தியான அவர்களுடைய குளோ சேன்ட் ஹூன் ஒயினைத் தூர நின்று தரிசித்ததோடு சரி. பக்கத்து ஊனாவீர் கிராமத்தில் நாலு ஏக்கர் சொச்சத் தோட்டம். அதில் விளைவது மட்டும்தான் அந்த ஒயின். ஊருக்குப் பேர் கொடுத்த புனித ஹூனா ஏழைகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்த புண்ணியவதி. விளைச்சல் பொய்த்த ஒரு வருடம் அவர் துவைத்த ஊற்றில் ஒயினே பொங்கி வந்ததாம். இப்போது தண்ணீர்தான் வருகிறது. போகும் வழியில் விசாரித்துக்கொண்டேன்.

ஒரு ஃபிரெடெரிக் எமீல் வாங்கினேன். "பத்து வருஷம் வெச்சிருங்க மாமா, வாசனை இன்னும் தூக்கும்" என்றான் அக்கா பையன். அன்றிரவு வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைக்கப் போனபோது மனைவி வாசனை விவரம் கேட்டாள். சொன்னேன்.

"என் புடவை இருக்கற பெட்டில வேண்டாம்" என்றாள். "வழில உடைஞ்சா, ஏரோப்ளேன்ல கிருஷ்ணாயில் கடத்தினேன்னு மீனம்பாக்கத்துல என்னைத்தான் பிடிச்சு உட்கார வைப்பாங்க."