பெட்டியடியும் பேராசிரியரும்

1951-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வேலைக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இவர் மட்டும் எதிர்த்திசை. பெயர் சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச்; உத்தியோகம், சர்வதேசச் சட்டம் சொல்லிக்கொடுப்பது.

1902-இல் அவர் பிறந்த ஊரான லெம்பெர்க் அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. முதல் போர் முடிந்ததும் போலந்துக்குப் போனது, அடுத்த போரில் சோவியத்துக்கு, இப்போது லிவிவ் என்ற பெயரில் உக்ரைனில். இத்தனைக்கும் ஊர் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்கு நாடு என்றால் என்ன, எல்லை என்றால் என்ன என்று சந்தேகம் வராமல் இருக்குமா?

மெட்ராஸில் அவர் சும்மா உட்காரவில்லை. 1952-இலேயே சர்வதேச விவகாரங்களுக்கென்று ஓர் இந்திய ஆண்டு மலரைத் தொடங்கிவிட்டார். அப்புறம் பழைய ஒப்பந்தங்களைக் கிளற ஆரம்பித்தார். சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவில் பிறந்தது, ஆசியாக்காரர்கள் நாகரிகப் பரீட்சையில் தேறியபிறகு போனால் போகிறதென்று உள்ளே விடப்பட்டார்கள் என்பது அதுவரை பாடப் புத்தகம் சொன்ன கதை. பேராசிரியர் காகிதங்களைப் பிரித்துப் பார்த்தால், போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் கோழிக்கோட்டிலும் கண்டியிலும் அரசர்களுக்குச் சரிசமமாக, சில இடங்களில் கொஞ்சம் குனிந்தே, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டவன், கை கழுவியதும் இந்த வீட்டில் அடுப்பே கிடையாது என்றானாம். அப்படித்தான் இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா.

சர்வதேசச் சட்டத்துக்குத் தந்தை என்று ஹாலந்தின் குரோட்டியஸைச் சொல்வார்கள். 1603-இல் சிங்கப்பூர் பக்கம் டச்சுக்காரர்கள் ஒரு போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார்கள். அதை நியாயப்படுத்த டச்சுக் கம்பெனிக்கு அவர் எழுதிக்கொடுத்த வக்கீல் வாதத்திலிருந்து வந்ததுதான், கடல் யாருக்கும் சொந்தமில்லை என்ற 1609-ஆம் வருஷத்துப் புகழ்பெற்ற நூல். தத்துவம் கம்பீரமானது, கட்சிக்காரர் கம்பெனி. பிற்பாடு ஆயுள் தண்டனை பெற்று கோட்டையில் கிடந்தவர், 1621-இல் புத்தகப் பெட்டிக்குள் படுத்துத் தப்பித்தார்.

அவர் பெட்டிக்குள் படுத்தார். வட்டிக்கடை வைத்த எங்கள் செட்டிநாட்டுக்காரர்கள் பணப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்புச் செட்டியார் தெரு என்று கிட்டங்கிக்குக் கிட்டங்கி அதே பெட்டி, அதே பேரேடு. கொண்டுவிக்கப் போன மேலாள், அதாவது முதலாளியின் ஏஜெண்ட், மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். பெட்டியடிப் பையன் அடுத்தாளாகிக் காத்திருப்பான். சைகோனில் பிரெஞ்சுக் கொடி, பினாங்கில் ஆங்கிலக் கொடி, ஐந்தொகை மட்டும் காரைக்குடிக்கு வரும்.

இவர்கள் சர்வதேசச் சட்டம் படிக்கவில்லை. அதுவாகத் தேடி வந்து வீட்டுக் கதவைத் தட்டியது. அருணாசலம் செட்டியார் என்பவரின் வழக்கு அப்படி ஒன்று. அவருக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் சொத்து. ஒரே கூட்டாளியான மகன் 1934-இல் காலமானார். 1938-இல் இலங்கை அரசு சாவு வரிச் சட்டம் கொண்டுவந்தது. கொண்டுவந்த கொஞ்ச நாளில், வரித்துறைக்கு ஒத்தாசை செய்வதுபோல, செட்டியாரும் போய்ச் சேர்ந்தார். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு வரி கிடையாது என்று அதே சட்டத்தில் 73-ஆம் பிரிவு. இலங்கை அரசு பாய்ந்தது: மகனும் இல்லை, மிச்சம் ஓர் ஆண்பிள்ளை, ஒற்றை ஆள் எப்படி ஐயா கூட்டுக்குடும்பம்?

வளவு வீட்டில் அத்தனை ஆச்சிகள் உட்கார்ந்திருக்க அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒற்றை ஆள்தான் தெரிந்தார். குடும்பத்து விதவைகள் செட்டியாருக்குப் பிறகு பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. இந்தியா அந்தக் கவுன்சிலுக்கு 1949-லேயே முழுக்குப் போட்டாயிற்று, இலங்கை போடவில்லை. ஆகவே இந்தியக் குடிமகனாக வாழ்ந்திராத ஓர் இந்தியர், இரண்டு நாடும் சுதந்திரம் அடைந்தபிறகு, 1957-இல், ஆங்கிலேய நீதிபதிகள் முன்னால் ஒரு குடும்பமா இல்லையா என்று விசாரிக்கப்பட்டார். குடும்பம்தான், சுவீகாரத்தால் அது தொடர்ந்தது என்று தீர்ப்பு வந்தது. இதை ஓர் ஆச்சியிடம் கேட்டிருந்தால் பத்தொன்பது வருஷம் மிச்சமாகியிருக்கும்.

பர்மாவில் இவ்வளவு கௌரவம் இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடன் வாங்கியவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1930-இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938-க்குள் 25 சதவீதம் ஆயிற்று. வட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் மிராசுதார் ஆனார்கள், ஊரார் கோபத்தையும் சேர்த்து வாங்கினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1942-இல் ஜப்பான் வந்தது. 1948-இல் நிலம் நாட்டுடைமை என்று பர்மா சட்டம் போட்டது.

அந்நியன் சொத்தை அரசு எடுத்தால் இழப்பீடு உடனே வேண்டும், போதுமானதாக வேண்டும், செல்லுபடியாகும் பணமாக வேண்டும் என்று 1938-இல் அமெரிக்க அமைச்சர் கார்டெல் ஹல் மெக்சிகோவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். அமெரிக்கர் சொன்னால் அது சட்டம். காரைக்குடிக்காரர் சொன்னால் அது மனு.

பேராசிரியரின் கண் அரசர்கள் மேல்தான் இருந்தது, பேரேட்டின் மேல் இல்லை. எழும்பூரில் ரயிலேறினால் காரைக்குடி ஓர் இராத்திரிப் பயணம். உயிரோடு நடமாடும் பாடப் புத்தகங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தன. அவர் 1960-இல் தி ஹேக் போய் ஆசிய ஒப்பந்தங்களைப் பற்றி உரை நிகழ்த்தினார். அதே ஆண்டு அதே ஊரில் உலக நீதிமன்றம், போர்ச்சுகல் தனக்கு உரிமை என்று கேட்ட, தாத்ரா, நகர் ஹவேலிக்குப் போகும் வழி பற்றிய வழக்கில், 1779-இல் மராட்டியர் போர்த்துகீசியரோடு செய்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள மறுத்தது. ஆசிய ஒப்பந்தத்துக்கு மரியாதை கிடைத்தது. அதைச் செல்லும் என்று தூக்கிப் பிடித்தது போர்ச்சுகல். செல்லாது என்று வாதாடியது இந்தியா!

1961-இல் பேராசிரியர் சிட்னிக்கு மாறினார். அந்த டிசம்பரில் இந்திய ராணுவம் போர்த்துகீசியர் கையிலிருந்த கோவாவுக்குள் புகுந்தது, வழி கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. நிலத்தை எடுத்துக்கொண்ட பர்மா, 1964-இல் 50, 100 கியாத் நோட்டுகளையும் செல்லாக்காசு ஆக்கியது. கீழைத் தேசங்களில் நாடுகளின் சட்டம் எப்படி நடந்தது என்று அவர் எழுதிய பெரிய நூல் 1967-இல் ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று.

பர்மாவிலிருந்து எங்களுக்கு மிஞ்சியது தேக்குத் தூண்கள். வளவு இடிபடும்போது அவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அங்கே பணம் உடனே கிடைக்கும், செல்லுபடியாகும் நோட்டாகவே கிடைக்கும். போதுமானதா என்பதில்தான் கடைக்காரரோடு அரைநாள் வழக்கு.