ஈர இலாகா

சாந்த்ராகாச்சி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, கோனா எக்ஸ்பிரஸ்வேக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எந்த அடுக்ககத்தில் நுழைந்தாலும் ரிட்டயரான ரயில்வேக்காரர் ஒருவர் இருப்பார். அவர் தமிழராக இருந்துவிட்டால், வைகாசி பிறந்ததும் அவருக்கு மறுபடி வேலை கிடைத்துவிடும். சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரத்தை நிர்வகிப்பதுதான் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. ஒருவரும் கேட்காமலேயே பொறுப்பேற்றுக்கொண்டது.

புழுக்க மாமா என்று வைத்துக்கொள்வோம். பூர்வீகம் நாகப்பட்டினம் பக்கம். தென்கிழக்கு ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக கரக்பூர், நாக்பூர் என்று சுற்றிவிட்டு, கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தில் மாலை வாங்கிக்கொண்டு இறங்கியவர். ஊர் திரும்பாமல் இங்கேயே ஃப்ளாட் வாங்கியதற்கு அவர் சொல்லும் காரணம், கொரமண்டல் எக்ஸ்பிரஸ் வாசலில் நிற்கிறது என்பது. 1977-இல் ஓடத் தொடங்கிய வண்டி. நினைத்தால் ஏறிவிடலாம், மறுநாள் சாயங்காலம் சென்னை. நினைப்பதோடு சரி, ஏறியதைப் பார்த்தவர்கள் குறைவு. ஜன்னல்களை யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது?

நாகப்பட்டினத்துக்காரருக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வெயில் முடிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, தீபாவளி முறுக்கோடு சேர்ந்து வர வேண்டியது. வங்காளத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. ஜூன் இரண்டாம் வாரம் பருவமழை வந்து சேரும். அதற்காக வெயில்காலம் இடத்தைக் காலி செய்யாது. இரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்தும், பல வருஷம் துர்கா பூஜை வரைக்கும். வெப்பமானி 33, 34 என்று யோக்கியமாகத்தான் காட்டும். ஈரப்பதம்தான் விடிகாலையில் 90-ஐத் தாண்டி உட்கார்ந்திருக்கும். வியர்வை ஆவியாகப் போனால் அல்லவா உடம்பு குளிரும்? காற்றே நிரம்பி வழியும்போது வியர்வைக்குப் போக்கிடம் பனியன்தான்.

மே மாதம் சென்னையிலிருந்து மச்சினர் போன் செய்வார்.

“இன்னிக்கு 41 டிகிரி அத்திம்பேர். வெளியில தலைகாட்ட முடியல.”

“துணி காயறதோல்லியோ?”

“காயாம என்ன, அரை மணியில மொறமொறன்னு காஞ்சுடறது.”

“அப்புறம் உனக்கு என்னடா கஷ்டம்?” என்று கேட்டுவிட்டு மாமா போனை வைத்துவிடுவார். கத்திரி வெயிலை ஒரு துன்பமாக அவர் அங்கீகரிப்பதில்லை.

இலாகாவின் தலைமைச் செயலகம் ஜன்னல். கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் தெற்கே திறந்த வீட்டுக்கு மவுசு அதிகம். ‘தொக்கின் கோலா’ என்று தரகர் சொல்லும்போதே விலை ஒரு படி ஏறிவிடும். மாமாவும் அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துத்தான் வாங்கினார். தென்றல் ஒழுங்காக வருகிறது. ஆனால் அது வங்காள விரிகுடாவில் முங்கி எழுந்து, தலையைத் துவட்டாமல் நேராக ஹாலுக்குள் வருகிறது. நாகப்பட்டினத்தில் சின்ன வயசில் காலை நனைத்த அதே கடலுக்கு, இத்தனை தூரம் தள்ளி வந்து, சதுர அடிக் கணக்கில் பணம் கட்டியிருக்கிறார். இதை யாராவது எடுத்துச் சொன்னால், “காத்து காத்துதான்” என்பார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

எந்த ஜன்னல் எப்போது திறக்கும் என்பதற்கு அட்டவணை உண்டு. தெற்கு ஜன்னல்கள் அப் லைன், வடக்கு ஜன்னல்கள் டவுன் லைன். காலை ஐந்தரைக்கு இரண்டுக்கும் லைன் கிளியர். ஒன்பதரைக்கு அப் மூடப்படும். மாமி காய் தாளிக்கும்போது அடுக்களை ஜன்னல் ஸ்பெஷலாகத் திறக்கப்பட்டு, தாளித்து முடித்த நிமிஷமே மூடப்படும். இதெல்லாம் ஆலிப்பூர் வானிலை அலுவலகத்தின் அறிக்கையைப் பார்த்து, தன் வலது முழங்காலையும் கலந்தாலோசித்து, காபிக்கு முன்னால் முடிவாகும். இரண்டும் முரண்பட்டால் முழங்கால் சொல்வதே இறுதி.

இத்தனை ஏற்பாடும் கவிழ்வது கால்பைசாகி அன்றைக்கு. ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் வடமேற்கில் கறுத்துத் திரண்டு வரும் புயல்மழை அது. பகல் முழுக்க வெந்த ஊருக்கு ஒரு மணி நேரத்தில் பத்து டிகிரி குறைந்துபோகும். சாந்த்ராகாச்சி முழுக்க மொட்டைமாடியில் நிற்கும். குழந்தைகள் கூச்சல் போடுவார்கள், எதிர் ஃப்ளாட் தாதா, அதாவது வங்காளி அண்ணா, ‘ஆஹா’ என்று கைகளை விரிப்பார். மாமா மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தி, கொண்டி போட்டு, கீழ் இடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டிச் செருகிவிட்டு, “எல்லாம் பந்தோபஸ்து” என்று அவர் பால்கனிக்கு வரும்போது மழை விட்டிருக்கும். வெளியே ஊர் குளிர்ந்திருக்கும். மாமா வீட்டில் மத்தியானப் புழுக்கம் கெடாமல் பத்திரமாக இருக்கும்.

கூலரைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் மாமி எழுந்து போய்விடுவாள். நாக்பூரில் இருந்தபோது வாங்கியது, ஆளுயர இரும்புக் கூலர். நாக்பூரின் வறண்ட வெயிலில் அது தேவாமிர்தம். சூடான உலர்காற்று நனைந்த புல் தட்டிகள் வழியாகப் போகும், தண்ணீர் ஆவியாகும், காற்று குளிர்ந்து வரும். சாந்த்ராகாச்சியில் தண்ணீர் ஆவியாக இடம் எங்கே? அதே காற்று அதே சூட்டோடு, கூடுதலாகக் கொஞ்சம் நனைந்து வெளியே வந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகன் மயிலோடு முன்பக்கம் வளைந்தார். மாமா தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. “மிஷின் நல்ல மிஷின், ஊர்தான் சரியில்ல” என்றார். இன்றைக்கு அந்தக் கூலரின் வயிற்றுக்குள் வெங்காயம் இருக்கிறது. முளைவிட்டிருக்கிறது.

பிறகு ஏசி வந்தது. 1902-இல் வில்லிஸ் கேரியர் ஏசியைக் கண்டுபிடித்ததே மனிதர்களுக்காக அல்ல, புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. காற்றின் ஈரத்தில் காகிதம் ஊதிச் சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராமல் போனதால் வந்த மிஷின் அது. இந்த வரலாறு மாமாவுக்கு மனப்பாடம். “காகிதத்துக்கே அவ்வளவு மரியாதைன்னா, அப்பளத்துக்குக் கிடையாதா?” என்று ஏசி அறை அலமாரியின் மேல்தட்டை அப்பளத்துக்கு ஒதுக்கிவிட்டார். பருவமழை முடியும்வரை மாமியின் பட்டுப்புடவைகளும், கல்யாண ஆல்பமும், மாமாவின் காது மிஷினும், ஒரு டப்பா காபிப் பொடியும் அந்த அறையில்தான் வாசம். மனிதர்கள் இடம் இருந்தால் படுத்துக்கொள்ளலாம்.

ஏசியில் அவருக்குக் கிடைக்கும் உண்மையான ஆனந்தம் குளிர்ச்சியல்ல, வெளியே சொட்டும் தண்ணீர். குழாய்க்கு அடியில் பக்கெட் வைத்துக் காலையில் அளப்பார். பால்காரர், பேப்பர் பையன், கேஸ் கொண்டுவருபவர் என்று யார் வந்தாலும் பக்கெட்டைக் காட்டுவார். “பாத்தேளா? அத்தனையும் ராத்திரி எங்க ரூம் காத்துல இருந்தது.” கோர்ட்டில் சாட்சிப்பொருள் காட்டுவதுபோல் கைநீட்டுவார். சாயங்காலம் வருகிறவர்களுக்கும் காட்ட வேண்டுமே என்று அந்தப் பக்கெட்டை மூடாமல் ஹாலிலேயே வைத்திருப்பார். ராத்திரிக்குள் விரற்கடை குறைந்திருக்கும். எங்கே போனது என்று அவரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை.

அடுக்களை மாமியின் ராஜ்யம்தான். இருந்தாலும் மாமாவுக்கு ஆய்வு அதிகாரம் உண்டு. உப்பு ஜாடியில் ஒரு பிடி அரிசி, பெருங்காய டப்பாவைச் சுற்றி ரப்பர் பேண்டு, தீப்பெட்டி மிக்ஸியின் தலைமேல். மருந்து பாட்டில், ஷூ பெட்டி, புதுக் கைப்பை எதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வந்தாலும் எறிய விடமாட்டார். அவை ஈரம் குடித்துக் களைத்ததும் தோசைக்கல்லில் போட்டுச் சிறு தீயில் வறட்டியெடுத்து மறுபடி பணிக்கு அனுப்புவார். அதற்கென்று தனித் தோசைக்கல் வாங்கும்வரை மாமி அவரோடு பேசவில்லை. இட்லி மாவு அவருக்கு வானிலை ஆய்வுக்கருவி. அரைத்து நாலு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு மேடைக்கு இறங்கிவிட்டால், “மேகம் கட்டப் போறது” என்பார். ஜூலையில் எந்த நாளும் அது பலிக்கும்.

சென்னையிலிருந்து வரும் அப்பளம், கொரமண்டலில் ஓர் இரவும் ஒரு பகலும் குலுங்கியும் கெத்தாக வந்து இறங்கும். வித்யாசாகர் சேதுவைத் தாண்டி லேக் மார்க்கெட் போய் வாங்கிவருவதும் அப்படித்தான். பொரித்துத் தட்டில் போட்டால், மாமா சாம்பார் சாதம் முடித்து ரசத்துக்கு வருவதற்குள் நமத்துப் போகும். அதனால் மாமா வீட்டில் அப்பளம் முதலில் பரிமாறப்படும், இலை போடுவதற்கும் முன்னால். மாடியில் வடாம் பிழியும் ஆசையை மாமி எப்போதோ விட்டுவிட்டாள்.

இந்த நமத்துப்போகும் விஷயத்தில்தான் எதிர் ஃப்ளாட் தாதாவோடு மாமாவுக்குச் சிநேகம். மற்றபடி இருவரும் விரோதக் கட்சிகள். தாதாவின் கொள்கை, ஈரத்தோடு சண்டை போடாதே என்பது. கம்சா என்கிற மெல்லிய துண்டைக் கட்டிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் மல்லாந்து, வேர்க்குருவுக்குப் பவுடரும் மற்ற எல்லாவற்றுக்கும் போரோலின் களிம்பும் தடவிக்கொண்டு, மழை வலுத்தால் கிச்சுடியும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். சாந்த்ராகாச்சியின் பெயரைப் பரப்பிய சேனைக்கிழங்கு அடுக்ககத்தின் பின்புறத்தில் இந்தப் புழுக்கத்தில்தான் குடைபோல் இலை விரித்துக் கொழிக்கிறது, அதற்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் பொரி நமத்துப்போனால் மட்டும் தாதாவுக்குத் தத்துவம் கைகொடுக்காது. தகர டின்னைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் வருவார். இருவரும் மூடியின் திருகைப் பற்றி, உள்ளே பாலிதீன் போடுவது பற்றி, அரைமணி நேரம் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். மாமா மூன்று முழத் துவாலையைத் துறந்து கம்சாவுக்கு மாறியதும் அப்படியொரு மாநாட்டுக்குப் பிறகுதான். கம்சா ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. அன்றைக்கு மாமா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை மாமி எல்லோரிடமும் சொன்னாள். ஜீன்ஸ் அணிந்து வரும் உறவினர்களுக்கு மட்டும் ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வீட்டில் தங்க அனுமதி சுலபத்தில் கிடைக்காது.

போன ஆடியில் பெங்களூரிலிருந்து மகன் ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கி அனுப்பினான். ஈரத்தை மட்டும் உறிஞ்சும் மிஷின். ஹாலின் மூலையில் வைத்தால் போதும், கூலரும் வேண்டாம், அரிசியும் வேண்டாம், ஜன்னல் அட்டவணையும் வேண்டாம். வந்த அன்றைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். டெலிவரி பையன் அதைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தான். மாமா பெட்டியைப் பிரித்து, கையேட்டை மூக்குக்கண்ணாடி துடைத்துத் துடைத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தார். “பிரமாதமான மிஷின்” என்றார். பிறகு பாலிதீன் உறையை மறுபடி மாட்டி, நாலு நாப்தலீன் உருண்டை போட்டு, சணல் கயிற்றால் கட்டி, தாதாவின் மகனைக் கூப்பிட்டுப் பரணில் ஏற்றச் சொன்னார்.

“ஏன்னா, போட்டுப் பாக்க வேண்டாமா?” என்றாள் மாமி.

“இந்த ஈரத்துலயா? புது மிஷின், கெட்டுப்போயிடும். மார்கழி வரட்டும்.”