வலது இருக்கைக் கேப்டன்

கடையநல்லூரில் விமானம் ஏறாத வீடு அரிது. 1941லேயே சிங்கப்பூரில் ஊர்ப் பெயரைச் சேர்த்து 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' என்று சங்கம் வைத்த ஊர் இது. அன்றைக்குக் கப்பல், பிறகு வளைகுடாவுக்குத் திருவனந்தபுரம் விமானம். ஆகவே ஒரு வீட்டுக்கு விமானி மருமகனாக வாய்த்தால் ஊர் வாயைப் பிளந்துவிடாது. "முப்பது கிலோவுக்கு மேல ரெண்டு கிலோ கூட விட மாட்டேங்கானுவ, நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று கேட்கும். மரியாதை அவ்வளவுதான்.

ஆனால் அதே மாப்பிள்ளை விடுமுறையில் வந்து மாமனாரின் காரை எடுத்தால், தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கும்.

முதலில் காரை ஒரு சுற்று சுற்றுவார். டயரைத் தொட்டுப் பார்ப்பார். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். "என்ன மாப்ள, எதையும் தொலைச்சிட்டியளா?" என்று எதிர்வீட்டுத் திண்ணை விசாரிக்கும். உள்ளே உட்கார்ந்ததும் சீட், கண்ணாடி, பெல்ட், ஹேண்ட்பிரேக் என்று முணுமுணுப்பார். பயண துஆ ஓதுகிறார் என்று நினைத்து மாமியார் பின்சீட்டிலிருந்து "ஆமீன்" என்பார்.

இந்த முணுமுணுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் மாடல் 299 சோதனைப் பறப்பில் ஏறிய வேகத்தில் விழுந்தது. காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதிக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்ல, ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. கைதேர்ந்தவனும் மறப்பான் என்று அதன் பிறகுதான் எழுதி வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் வந்தது. மாமனாருக்கு இதெல்லாம் தேவையில்லை. அவருக்கு முப்பது வருட அனுபவம். ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே பக்கத்து ஊரான இடைகால் வரை போய், கருகல் வாடைக்கு ரோட்டில் புதிதாகப் போட்ட தாரைக் குறை சொன்னவர் அவர்.

அடுத்தது இருக்கைச் சிக்கல். விமானத்தில் கேப்டன் இடப்பக்கம், துணை விமானி வலப்பக்கம். நம்மூர்க் காரில் ஸ்டீரிங் வலப்பக்கம். ஆக, வாசலை விட்டுக் கிளம்பும்போதே இவருக்குப் பதவி இறங்கிவிடுகிறது. கேப்டன் சீட்டில் மனைவி. வானத்தில் கட்டுப்பாட்டு அறை தரும் உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பழக்கத்தில், "மணிக்கூண்டுகிட்ட லெஃப்ட்ல திரும்புங்க" என்று மனைவி சொன்னால், "மணிக்கூண்டில் லெஃப்ட்" என்று இவரும் சொல்வார். "என்ன, பழிப்புக் காட்டுதியளா?" என்று வரும் பதில்.

காலும் ஒத்துழைக்காது. தரையில் ஓடும் விமானத்தை மிதிகளால் திருப்பலாம்; இடது காலை அழுத்தினால் இடப்பக்கம் போகும். அதே நினைப்பில் வளைவில் இடது காலை அழுத்தினால் கார் திரும்புவதில்லை. கிளட்ச் இறங்கி, பின்னால் வரும் டவுன் பஸ்ஸின் மூக்கு கண்ணாடியில் பெரிதாகிறது.

ஆட்களை ஏற்றுவதுதான் பெரிய கூத்து. ஐந்து பேர் காரில் ஏழு பேர், ஒரு பிரியாணிச் சட்டி. எடை எங்கே விழுகிறது என்பதில் விமானிக்கு உயிர் இருக்கிறது. முன்பின் பாரம் சரியில்லாவிட்டால் விமானம் சொன்னபடி கேட்காது. ஆகவே பெரிய மாமியை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க நடுவுல இருங்க மாமி, சட்டி இந்தப் பக்கம்" என்பார். ஏன் என்று மாமி கேட்டால் இவரால் சொல்ல முடியாது. விமான நிலையத்தில் பயணிகளை நிறுத்துப் பார்க்காமல் சராசரி எடை ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவது எவ்வளவு நாகரிகம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ரேடாரின் கண்ணில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே பொதுவாக ஐந்து கடல் மைல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலும் கீழுமாக 1,000 அடி. ஐந்து கடல் மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். இவர் மணிக்கூண்டில் நிற்கும்போது அடுத்த வண்டி இடைகால் பக்கம் இருந்தால்தான் இவருக்கு மூச்சு சீராக வரும். ஷேர் ஆட்டோக்காரரோ ஐந்து அங்குலத்தில் ஒட்டிப் போகிறார், அதுவும் போனில் பேசிக்கொண்டே. மேலே ஏறித் தப்பிக்கவும் வழியில்லை.

ஆனால் குற்றாலத்துக்குப் போக இவரைப் போல ஆள் கிடையாது. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு மச்சான் ரிசர்வ் விளக்கு எரிய எரியப் புறப்படுவான். இவர் போகிற எண்ணெய், இறங்க முடியாவிட்டால் வேறிடம் போக எண்ணெய், அதற்கு மேலும் அரை மணி நேரம் வட்டமடிக்க எண்ணெய் என்று கணக்குப் பார்த்து டேங்கை நிரப்புவார். மச்சான் சிரிப்பான். சாரல் காலத்தில் மெயின் அருவி வளைவைத் தாண்டிக் கொட்டி, போலீஸ் குளிக்கத் தடை போட்டதும், மாற்று விமான நிலையம் தயாராக இருக்கும்: ஐந்தருவி. அங்கும் வண்டி நிறுத்த இடமில்லையா, பழைய அருவி. கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் வட்டமடித்தும் எண்ணெய் மிச்சம். அன்று மட்டும் மச்சான் இவரைக் கேப்டன் என்று கூப்பிட்டான்.

பின்னால் போகச் சொன்னால் மட்டும் ஆள் ஒடுங்கிவிடுவார். விமான நிலையத்தில் வாயிலிலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ள இழுவை வண்டி வரும். அது இவர் வேலையே அல்ல. பேட்டைத் தெருவில் எதிரே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றால், தள்ள ஆள் வரட்டும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். ஒருமுறை மினி பஸ் கண்டக்டர் ஒருவர் இறங்கி வந்து, "வரட்டும், வரட்டும், லேசா ஒடிச்சு, ஹோல்டான்" என்று காரைத் தட்டி, சாக்கடைக்கு நாலு விரல் தள்ளி நிறுத்திக் கொடுத்தார். பிறகு இரண்டு விசில். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. ரேடியோ வேண்டாம், திருப்பிச் சொல்லவும் வேண்டாம். கேப்டன் இறங்கிப் போய் அவருக்குக் கை கொடுத்தார். ஊரில் தன் தொழில்காரர் ஒருவரையாவது கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி.

விமானத்திலும் ஹாரன் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தரையில் நிற்கும்போது கீழே உள்ள மெக்கானிக்கைக் கூப்பிட, முன்சக்கரக் குழியில் அது ஒலிக்கும். வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. வந்த புதிதில் இவர் கார் ஹாரனையும் அப்படித்தான் வைத்திருந்தார். பிறகு கறிக்கடை முன்னால் பைக்கை நிறுத்திச் சம்பந்தம் பேசியவர்களுக்காக ஒரு சின்ன 'பீப்'. அப்புறம் ஆட்டுக்குட்டிக்கு ஒன்று. விடுமுறை முடிகிற வாரம், வாசலுக்கு வந்ததும் கேட்டைத் திறக்க மாமனார் மாதிரியே ஒரே அமுக்காக அமுக்கினார்.

பணிக்குத் திரும்பிய நாளில் ஓடுபாதைக்கு முன்னால் ஆறு விமானங்கள் வரிசையில் நின்றனவாம். முன்னால் நின்றவன் கொஞ்சமும் நகரவில்லை; தன் கட்டைவிரல் ஸ்டீரிங் இல்லாத இடத்தில் ஸ்டீரிங்கைத் தேடியது என்று ராத்திரி மனைவியிடம் போனில் சொல்லியிருக்கிறார். "சைடு வாங்கிப் போக வேண்டியதுதானே?" என்றாராம் மனைவி.