போத்தலுக்குள் நந்திக்கடல்

கனடாவில் இருந்து வருகிற பெட்டியில் முந்தி சொக்கலேட்டும் சென்ட் போத்தலும் இருக்கும். இப்போது குளுக்கோசமைன் வருகிறது. கிளிநொச்சியில் முழங்கால் உளைவோடு இருக்கும் அம்மாமாருக்குப் பிள்ளைகள் அனுப்பும் பாசம் அது.

இந்தக் குளுக்கோசமைனைப் பெரும்பாலும் இறால், நண்டுக் கோதுகளில் உள்ள கைட்டினில் இருந்துதான் எடுக்கிறார்கள். ஆக, காலமை நந்திக்கடல் இறாலை உரித்துக் கோதைக் காகத்துக்கு எறிகிற கை, இரவு அதே சங்கதியைக் குளிசையாக விழுங்குகிறது. பலன்? அமெரிக்காவில் முழங்கால் தேய்வுள்ள 1583 பேரிடம் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில், மருந்தில்லாத வெறும் குளிசையை விடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. காகங்கள் மட்டும் உற்சாகமாகத் திரிகின்றன.

ஒமேகா-3 போத்தலும் கூடவே வரும். அது முல்லைத்தீவுச் சூடை மீனில் தாராளமாக இருக்கிறது. ஆனால் சூடைக்கு லேபிள் இல்லை, மணம் வேறு.

வவுனியா ஜிம் தம்பிமாரின் கிரியேட்டின், ஈரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் செய்து தருகிற சரக்கு. இறைச்சியிலும் மீனிலும் உண்டு. ஆனாலும் பாரம் தூக்க அது உண்மையிலேயே உதவும். தம்பிமாரைச் சும்மா நக்கலடிக்கக் கூடாது.

ஒன்று மட்டும் பகிடியில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வோஃபரின் குடிப்பவர்கள் குளுக்கோசமைனைத் தொடமுன் போத்தலைக் கிளினிக் டொக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம்.