கெட்ட கொழுப்பே இல்லாத மனிதன்

எனக்குக் கெட்ட கொழுப்பே இல்லை என்று குடுமியான்மலை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். டீக்கடையில் சொன்னேன், பஸ் ஸ்டாப்பில் சொன்னேன், இசைக் கல்வெட்டைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களையும் விடவில்லை. ஆதாரம் சட்டைப் பையிலேயே இருந்தது. லேப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்ற அந்தக் கெட்ட கொழுப்புக்கு நேரே எண் கிடையாது, சின்னதாக ஒரு கோடு. கோடு என்றால் பூஜ்யம்தானே?

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"லைட்டாத்தான்மா."

"லைட்டான்னா?"

காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களே என்று, ராத்திரியே சேர்த்துவைத்து பரோட்டாவும் சால்னாவும் இறக்கியிருந்தேன். பஸ் ஏறுமுன் குடித்த டீயை நான் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை.

பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் ஃப்ரீடுவால்டு என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் வகுத்த கணக்குதான். மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் கழிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பை ஐந்தால் வகுத்து அதையும் கழித்தால் மிஞ்சுவது எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் கணக்கு செல்லாது. என்னுடையது தாண்டியிருந்தது. அதற்குத்தான் அந்தக் கோடு.

நெய்யை விட்டேன். அந்தத் துக்கத்துக்கு இன்னும் ரெண்டு கரண்டி சோறு. மிஞ்சிய மாவுச்சத்தை ஈரல் ட்ரைகிளிசரைடாக மாற்றிவிடும் என்று எனக்கு யார் சொன்னது? (டாக்டரம்மா சொன்னார். நான் கேட்கவில்லை.) ட்ரைகிளிசரைடு கூடுதல், எச்.டி.எல். குறைவு என்பது நம் நாட்டவரிடம் அடிக்கடி காணும் ஜாதகம். நடக்கவும் சொன்னார். அண்ணா பண்ணை வரை என்று கிளம்பி, டீக்கடையோடு முடித்துக்கொண்டேன்.

ராத்திரிக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒன்று. ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1970களில் இந்த வகை மருந்துக்கு வழி திறந்தார். அவர் பொறுமை அப்படி. என் பொறுமை, எண் இறங்கும்வரை தாங்கியது. இறங்கியதும் நிறுத்தினேன், அதுவும் ஏறிவிட்டது.

ஒருநாள் நெஞ்சு கனத்தது. வாயுதான் என்று நானே முடிவுகட்டி கோலி சோடா குடித்தேன். வாயுவாகவே இருந்தது என் அதிர்ஷ்டம். கேள்விப்பட்ட நர்ஸம்மா விட்ட டோஸ் தனி. ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்தால், ரத்தத் தட்டுகள் ஓடிவந்து ஒட்டிக் கட்டியாகும். அடைப்பு நிமிஷத்தில் விழும். சோடா அதைக் கரைக்காது.

தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே 14 மாத்திரை வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. முதல் இரண்டும் தட்டுகளை ஒட்டவிடாது. கொடுத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நெஞ்சு கனத்தால் முதலில் அங்கே போங்கள்; வாயுவா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும்.