தேர்தலுக்குக் காசில்லை, வழக்குக்கு உண்டு

காங்கோ ஜனநாயகக் குடியரசில் அரசாங்கம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அபாண்டம். சாலை போட அதற்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வராது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாகாண ஆளுநருக்கு அதிபராகும் ஆசை வந்துவிட்டதாகக் காதில் விழட்டும், அப்போது பார்க்க வேண்டும் அதன் சுறுசுறுப்பை. நீதித்துறை, உளவுத்துறை, விமானத்துறை, குடியுரிமை, எல்லைச்சாவடி என்று அத்தனை துறையும் ராப்பகலாக உழைக்கும்.

மொய்ஸ் கட்டும்பியைக் கேட்டால் சொல்வார். 2007 முதல் 2015 வரை கட்டங்கா மாகாணத்தின் ஆளுநர் அவர். மேலிருந்து அனுப்பப்பட்டவர் அல்ல, மாகாண சபை தேர்ந்தெடுத்தவர். கட்டங்கா என்றால் தாமிரம், கோபால்ட். நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியின் பாட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு அந்த மண்ணில் தோண்டியதுதான். சுரங்கத் தொழிலைச் சுற்றிச் சம்பாதித்த கோடீஸ்வரர் கட்டும்பி. டி.பி. மசெம்பே கால்பந்து அணியும் அவருடையது. 2010இல் கிளப் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போன முதல் ஆப்பிரிக்க அணி அது.

அவர் உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. அன்றைய அதிபர் ஜோசப் கபிலாவின் கட்சிக்காரர்; 2011 தேர்தலில் கபிலாவுக்காக ஓட்டுக் கேட்டவர். அந்தத் தேர்தல் எவ்வளவு யோக்கியமாக நடந்தது என்பதை நாடே பார்த்தது. ஓட்டுப் பிடித்துக் கொடுத்த காலத்தில் அவருடைய அப்பா ரோட்ஸ் தீவிலிருந்து வந்த யூதராயிற்றே என்று ஒருவரும் கேட்கவில்லை. இவருக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று விசாரிக்கவில்லை. எந்த வீட்டுப் பத்திரமும் தூசி தட்டப்படவில்லை. ஆளுநர் தங்கமானவர்.

2014 டிசம்பரில் கட்டங்காவின் தலைநகர் லுபும்பாஷியில் நடந்த கூட்டத்தில் தங்கம் வாயைத் திறந்தது. நடுவர் ஏற்கெனவே இரண்டு பொய்ப் பெனால்ட்டி கொடுத்துவிட்டார், மூன்றாவதையும் பொறுத்துக்கொள்வீர்களா என்ற பொருளில் பேசினார். அரசியலமைப்புப்படி கபிலாவுக்கு இரண்டே தவணைதான், அது 2016 டிசம்பரோடு முடிகிறது என்பது கூட்டத்துக்குத் தெரியும். கைதட்டல் காதைப் பிளந்தது. இரண்டாவது பெனால்ட்டியின்போது கபிலாவுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டதே இந்தப் பிரமுகர்தான் என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

உடனே அரசாங்கத்துக்கு அரசியலமைப்பின் மேல் பக்தி பொங்கியது. பதினொரு மாகாணங்களை இருபத்தாறாகப் பிரிக்க வேண்டும் என்று 2006 அரசியலமைப்பு சொல்லியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் அந்தப் பக்கத்தைப் புரட்ட ஆளில்லை. 2015இல் கும்பகர்ணன் விழித்துக்கொண்டான். கட்டங்கா நான்கு துண்டானது, ஆளுநருக்கு ஆள மாகாணம் இல்லாமல் போனது. புதிய மாகாணங்களுக்கு ஆளுநர் தேர்தலா? அது தள்ளிப்போனது. அதுவரைக்கும் கபிலாவே கையெழுத்துப் போட்டுச் சிறப்பு ஆணையர்களை அனுப்பினார். அந்தச் செப்டம்பரில் கட்டும்பி பதவியையும் கட்சியையும் உதறினார்.

2016 மே 4ஆம் தேதி அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். அதே நாளில், ஆமாம், அதே நாளில், அவர் கூலிப்படை சேர்த்ததாக விசாரணை என்று நீதி அமைச்சர் அறிவித்தார். ஒரு தீர்ப்புக்காகப் பத்து வருடம் காத்திருக்கும் ஏழைகள் நிறைந்த தேசத்தில் இந்த வேகம்! மே 19இல், நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்தானவர் என்று குற்றச்சாட்டு. மே 20இல் அதே ஆபத்தானவரைச் சிகிச்சைக்கென்று தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் ஏற அனுமதித்தார்கள். போவதற்கு எந்தத் தடையும் இல்லை. திரும்பி வருவதற்குத்தான் அத்தனையும்.

அவர் இல்லாத நேரம் பார்த்து ஜூன் மாதம் ஒரு வீட்டுத் தகராறு வழக்கில் மூன்று ஆண்டு சிறை. தீர்ப்பில் கையெழுத்திட்ட நீதிபதிகளில் ஒருவர், உளவுத்துறை மிரட்டித்தான் என்னைக் கையெழுத்துப் போடவைத்தது என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு தலைமறைவாக வேண்டியிருந்தது அந்த நீதிபதிதான். மிரட்டியவர்கள் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள்.

இனி மறுபக்கத்துக் கணக்கு. தேர்தல் நடத்த மட்டும் அரசுக்குக் கை வரவில்லை. வாக்காளர் பட்டியல் தயாரில்லை என்றார்கள். 180 கோடி டாலர் வேண்டும், அதைத் திரட்டுவது கஷ்டம் என்று 2017இல் பட்ஜெட் அமைச்சர் கையை விரித்தார். தேர்தல் நடக்கும்வரை கபிலா இருக்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016லேயே வழி காட்டியிருந்தது. தேர்தலை நடத்த வேண்டியவரே நடத்தாமல் இருந்தால் ஆயுள் முழுக்க அதிபர்; எந்த மன்னராட்சியிலும் இத்தனை சுலபமில்லை. தேதியை அறிவி என்று கேட்டு 2016 செப்டம்பரில் தலைநகர் கின்ஷாசாவின் தெருவில் இறங்கியவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தோட்டாவுக்கு மட்டும் பட்ஜெட்டில் பற்றாக்குறை வந்ததே இல்லை.

2018 ஆகஸ்ட்டில் வேட்புமனு முடியச் சில நாட்கள் இருக்கும்போது கட்டும்பி திரும்பி வந்தார். லுபும்பாஷியில் விமானம் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. ஜாம்பியா வழியாகத் தரைமார்க்கமாகக் கசும்பலேசா எல்லைக்கு வந்தார். எல்லையே மூடப்பட்டது. ஒரே ஒரு மனிதனுக்காக! கிழக்கே ஆயுதக் கும்பல்கள் நினைத்தபோது எல்லை தாண்டி வந்து கிராமங்களைக் கொளுத்திவிட்டுப் போன அதே காலத்தில்தான் இந்தக் கண்காணிப்பு.

கடைசியில் டிசம்பர் 30இல் தேர்தல் வந்தது. எபோலா, பாதுகாப்பு என்று காரணம் சொல்லிப் பெனி, புட்டெம்போ, யும்பி பகுதிகளின் வாக்குப்பதிவை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஜனவரியிலேயே புதிய அதிபர் பதவியேற்றுவிட்டார். பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இல்லாமலே கணக்கு முடிந்தது. பெனி மக்கள் தாங்களே வாக்குச்சாவடி அமைத்து, வரிசையில் நின்று, கைகழுவிவிட்டு ஓட்டுப் போட்டுக் காட்டினார்கள். காசில்லாத ஜனங்கள் ஒரே நாளில் செய்து காட்டியதைத்தான் அரசாங்கம் இரண்டு வருடமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. சுமார் நாற்பதாயிரம் பார்வையாளர்களை அனுப்பிய கத்தோலிக்கத் திருச்சபை, அறிவித்த முடிவு தங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றது. அந்த முடிவில்தான் ஃபெலிக்ஸ் ஷிசெகெடி அதிபரானார்.

2019இல் கட்டும்பியின் தண்டனை ரத்தானது. ஊர் திரும்பினார், பிறகு ஷிசெகெடியின் கூட்டணியிலும் சேர்ந்தார். மறுபடி தங்கமானார். 2022 டிசம்பரில் அடுத்த அதிபர் தேர்தலில் நானே நிற்கிறேன் என்று விலகினார். மறுபடி அரசாங்கத்துக்குச் சுறுசுறுப்பு. தாய், தந்தை இருவரும் காங்கோ வம்சமாக இருந்தால்தான் அதிபராகலாம் என்று ஒரு மசோதா 2023இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, அது நிறைவேறவில்லை. அந்த ஜூலையில் கட்டும்பி கட்சியின் பேச்சாளரும் முன்னாள் போக்குவரத்து அமைச்சருமான ஷெருபின் ஒகெண்டே கின்ஷாசாவில் தன் காருக்குள் குண்டடிபட்டுப் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் பிற்பாடு அறிவித்தார். அந்தத் தேர்தலில் ஷிசெகெடிக்கு 73 சதவீதம், கட்டும்பிக்குச் சுமார் 18.

ஆள் இல்லாதபோது தண்டிக்கும் கலையும் வீணாகவில்லை. 2025 செப்டம்பரில் கின்ஷாசா ராணுவ நீதிமன்றம் தேசத்துரோக வழக்கில் ஒருவருக்கு, அவர் கூண்டில் இல்லாமலேயே, மரண தண்டனை விதித்தது. அவர் பெயர் ஜோசப் கபிலா.

ஷிசெகெடிக்கு இப்போது நடப்பது இரண்டாவது தவணை. அரசியலமைப்புப்படி அதுவே கடைசி. 2024 அக்டோபரில் கிசங்கானியில் பேசும்போது, இந்த அரசியலமைப்பு நாட்டுக்குப் பொருந்தவில்லை, புதிதாக எழுத ஒரு குழு அமைக்கப்போகிறேன் என்று அவர் அறிவித்துவிட்டார்.