96 குழிப் பல்லாங்குழி

கோடை விடுமுறை முடிந்து இன்டர்ன்ஷிப் சான்றிதழ்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: மாணவர் மூலக்கூறு உயிரியல் நுட்பங்களில் நேரடிச் செய்முறைப் பயிற்சி பெற்றார். பெற்றார்தான், பிப்பெட் டிப் அடுக்குவதில். பெட்டிக்கு 8 வரிசை, வரிசைக்கு 12 ஓட்டை, ஆக 96. பாட்டிமாரின் பல்லாங்குழிக்கே 14 குழிதான். அதிலும் எதிரே ஆட ஓர் ஆள் உண்டு, பசு எடுக்கலாம், ஜெயிக்கலாம். இங்கே அடுக்கல் மட்டும். ஆயிரம் டிப் உள்ள பையைப் பிரித்தால் பத்துப் பெட்டி நிரம்பி 40 மிஞ்சும். அந்த 40-ஐ என்ன செய்வதென்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. 200 மைக்ரோலிட்டருக்கு மஞ்சள், 1000-க்கு நீலம். நீலம் மஞ்சள் பெட்டிக்குள் நுழையாது என்பதுதான் ஐந்தாம் செமஸ்டரின் மாபெரும் கண்டுபிடிப்பு. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் அவித்து, உலர்த்தி வைத்தால், சீனியர் அண்ணா வந்து ஓரத்தை விட்டுவிட்டு நட்டநடுவில் மூன்றைப் பிடுங்குவார். கட்டித் தயிரை நடுவில் தோண்டுகிறவர்களும் இந்த வர்க்கம்தான்.

அடிப்படையிலிருந்துதானே தொடங்க வேண்டும், கழுவி அடுக்கித்தான் சுத்தம் கைவரும் என்பார்கள். சரி, மூன்று நாளைக்கு. முப்பது நாளைக்கு எதற்கு? விலையுயர்ந்த கருவியைக் கெடுத்துவிடுவார்களாம். பி.சி.ஆர். இயந்திரம் 95 டிகிரியில் இழைகளைப் பிரித்து, ஆறவைத்துப் பிரைமரை ஒட்டி, 72-இல் நீட்டி, எல்லாவற்றையும் தானே செய்கிறது. மனிதர் மூடியை மூடினால் போதும். காசு கரைவது என்சைமில் என்றால், கை பழகச் சாயத் தண்ணீரும் ஒரு தராசும் போதாதா? இந்த இன்டர்ன்ஷிப்புக்குப் பல இடங்களில் கட்டணம் வேறு. வேலையும் செய்து கூலியும் நாமே கொடுக்கிற ஏற்பாடு. அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஃபெலோஷிப்பில் உதவித்தொகை உண்டு என்பது உண்மை. ஆனால் அது கிடைத்தவர் இந்தப் புலம்பலைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

கழுவுவதே அறிவியல் என்பவர்களுக்கு இன்னொன்று. 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து ஃபிளெமிங் திரும்பியபோது பூஞ்சை பிடித்த தட்டு கழுவப்படாமல் கிடந்ததால்தான் பென்சிலின் கிடைத்தது. அங்கே ஓர் இன்டர்ன் இருந்திருந்தால் தட்டு பளபளவென்று கவிழ்ந்திருக்கும்.

நாமும் யோக்கியமில்லை, சான்றிதழ் வந்த அரைமணியில் லிங்க்ட்இன்னில் பெருமைப்படுகிறோம். ஆகவே கைடுகளே, அடுத்த ஆண்டுச் சான்றிதழில் மாணவர் நிரப்பிய பெட்டிகளின் எண்ணிக்கையைப் போட்டுவிடுங்கள். மஞ்சள் தனியாக, நீலம் தனியாக.